வீடு அடங்கிய பின் சமையலறை: அளவுமீறித் தின்பதிலிருந்து வெளியே வர ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு நாலு அதிரசம் கூடுதலாக உள்ளே தள்ளியவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்பதும் நோயல்ல. சமையல்காரருக்கு அது மரியாதை. நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு. வீடு அடங்கிய பின் விளக்கைப் போடாமல், ஃபிரிட்ஜ் வெளிச்சத்திலேயே நின்றபடி, மீந்த சோற்றில் குழம்பைப் பிசைந்து, அது தீர்ந்ததும் மிக்சர் டப்பா, பிறகு பிள்ளைகளின் பிஸ்கட், பிறகு கரண்டியால் பால்பவுடர் என்று போய், வயிறு வலிக்கும்போதுதான் நிறுத்துகிறவர்களுக்கு. காலிப் பொட்டலங்களைக் குப்பைக் கூடையின் அடியில் தள்ளி, மேலே பழைய பேப்பரைப் போட்டு மூடுகிறவர்களுக்கு.

இதற்கு மருத்துவத்தில் ‘பிஞ்ச் ஈட்டிங் டிசார்டர்’ என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே இப்படித் தின்பதை விவரித்து எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆயிற்று. அந்தக் கையேடு சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக மிக அதிகமாகச் சாப்பிடுவது, அந்த நேரத்தில் ‘என்னால் நிறுத்த முடியவில்லை’ என்ற உணர்வு இருப்பது, இது சராசரியாக வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்வது. அவசர அவசரமாக விழுங்குவது, பசியே இல்லாமல் தின்பது, வயிறு திணறும்வரை போவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, முடிந்தபின் தன்மேலேயே அருவருப்பும் குற்றவுணர்வும் வருவது ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று இருக்கும்.

உடல் எடை இந்தக் கணக்கில் வரவே வராது என்பதைக் கவனியுங்கள். ஒல்லியானவர்களுக்கும் இது உண்டு. ஆண்களுக்கும் கணிசமாக உண்டு. அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் இதற்குக் கிடைக்கும் ஒரே பட்டம் ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’. வாயைக் கட்டக் கட்டத்தான் இது முற்றுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

யார் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்

தின்றபின் விரலைவிட்டு வாந்தி எடுப்பவர்கள், பேதி மாத்திரை போடுபவர்கள், எடை குறையட்டும் என்று இன்சுலினைத் தவிர்க்கும் சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சில மாதங்களில் எடை மளமளவென்று இறங்கியவர்கள், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருபவர்கள் ஆகியோர் கீழே உள்ள படிகளைத் தாங்களாகவே செய்து பார்க்கக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். அது வீட்டு வைத்தியத்துக்கு உட்பட்ட விஷயமில்லை. கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு இப்போதே போய்விடுங்கள்.

முதல் படி: டயட்டை நிறுத்துங்கள்

அநேகம் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நேற்று இரவு தின்று தீர்த்தாயிற்று, ஆகவே இன்று காலை ஒன்றும் வேண்டாம், மதியம் வெள்ளரிக்காய், நாளையிலிருந்து அரிசியே கிடையாது. பேலியோ, பதினாறு மணி நேர விரதம், வெந்நீரில் தேன் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய சட்டம் பிறக்கிறது. வியாழக்கிழமை இரவு அது உடைகிறது.

பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், போருக்குப் போக மனச்சாட்சி இடம்கொடுக்காத 36 இளைஞர்கள் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைக்குத் தாமாக முன்வந்தார்கள். நடத்தியவர் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ். மனத்தாலும் உடலாலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு ஏறக்குறைய பாதி உணவுதான். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்செல்லாம் சாப்பாடு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். முன்பு உணவைப் பற்றி எந்தச் சிக்கலும் இல்லாதவர்களுக்கே அந்தக் கதி.

இன்னொன்று 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளிடம் செய்தது. முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் சுவை பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு காட்டாத பெண்கள், முன்பே மில்க் ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்த பெண்களோ மில்க் ஷேக் குடித்தபின் அதிகமாகத் தின்றார்கள். ‘விதிதான் உடைந்துவிட்டதே, இனி என்ன’ என்ற மனநிலை. இரவு பதினொரு மணிக்கு முதல் முறுக்கைக் கடித்தவுடன் உங்களுக்குள் ஒலிப்பதும் அதே குரல்தான்.

ஆகவே எடை குறைக்கும் திட்டம் எதுவானாலும் இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். மருத்துவர் சொன்ன சர்க்கரை, உப்புக் கட்டுப்பாடுகள் மட்டும் தொடரட்டும்.

இரண்டாம் படி: ஒரு நாற்பது பக்க நோட்டு

செல்பேசிச் செயலி வேண்டாம். அதில் கலோரிக் கணக்கு தொற்றிக்கொண்டு வரும். சாதாரண நோட்டு போதும். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும், இரவில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தி அல்ல. நேரம், என்ன சாப்பிட்டேன், எங்கே, மனநிலை என்ன என்பவை மட்டும். கட்டுப்பாடு போய்விட்டதாகத் தோன்றிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அலுவலகத்துக்குப் போகும் ஒரு பெண்ணின் பக்கம் இப்படி இருக்கலாம்:

செவ்வாய்
காலை 8.15: காபி. நேரமாகிவிட்டது.
மதியம் 1.40: டப்பாவில் கொண்டுபோன காய்கறி சாலட். பாதியோடு மூடிவிட்டேன்.
மாலை 5.00: டீ. யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். வேண்டாம் என்றேன்.
இரவு 8.30: இரண்டு சப்பாத்தி. அத்தை இன்னொன்று வைக்க வந்தார். போதும் என்றேன்.
இரவு 10.50: சோறு, வற்றல்குழம்பு, அப்பளம் நாலைந்து, முறுக்கு டப்பாவில் பாதி, தயிரில் சர்க்கரை போட்டு. நின்றபடி. ★ அதற்கு முன் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதைப் பார்க்கும் யாரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். எழுதியவரும் அதற்காகத்தான் தலை குனிவார். ஆனால் மேலிருந்து படியுங்கள். எட்டேகாலிலிருந்து எட்டரை வரை, பன்னிரண்டு மணி நேரத்தில், இந்தப் பெண் வயிற்றுக்கு என்ன போட்டார்? மேலாளரின் மின்னஞ்சல் பத்தே முக்காலுக்கு வந்த காரணம். ஆனால் அந்தத் தீனிக்கான அஸ்திவாரம் காலை எட்டேகாலுக்கே விழுந்துவிட்டது. சாப்பாடு ஒழுங்காக இறங்கிய நாளில் அதே மின்னஞ்சல் வந்திருந்தால் தூக்கம் கெட்டிருக்கும், முறுக்கு டப்பா திறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டு வாரம் எழுதினால் போதும், உங்களுக்கு எப்போது கட்டு அவிழ்கிறது என்பது தெரிந்துவிடும். சிலருக்கு ஞாயிறு மாலை. சிலருக்குக் கணவர் வெளியூர் போன நாட்கள். சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரம். நோட்டை யாரும் எடுத்துப் படிக்காத இடத்தில் வையுங்கள். படிப்பார்கள் என்ற பயம் இருந்தால் நீங்கள் பொய் எழுதுவீர்கள்.

மூன்றாம் படி: மணி பார்த்துச் சாப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மூன்று வேளை உணவு, நடுவில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி. எந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ‘பசித்துப் புசி’ என்று பெரியவர்கள் சொன்னது பசி ஒழுங்காக வேலை செய்பவர்களுக்கு. பல வருடம் பட்டினியும் தீனியுமாக மாறி மாறிப் போன உடலில் பசியும் நிறைவும் உரிய நேரத்தில் தெரிவதில்லை. அவை திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை கடிகாரத்தை நம்புங்கள்.

உதாரணமாக, காலை 8 மணிக்கு நான்கு இட்லி, சாம்பார். 11 மணிக்கு வாழைப்பழம் அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். 1.30க்குச் சோறு, குழம்பு, பொரியல், மோர். 5 மணிக்கு டீயோடு அவித்த வேர்க்கடலை. 8.30க்குத் தோசையோ சப்பாத்தியோ, அரை வயிற்றுக்கு அல்ல, போதுமான அளவு. பத்தரை மணி உங்கள் ஆபத்தான நேரம் என்றால் பத்து மணிக்கு ஒரு தம்ளர் பால், அதையும் திட்டத்திலேயே சேர்த்து. இட்லி நான்கா மூன்றா என்று யாரும் சண்டை போட வேண்டாம். இப்போது முக்கியம் நேரம். அளவும் சத்தும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள் எழுந்த நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

எல்லோருக்கும் வரும் பயம் ஒன்று உண்டு: ‘இவ்வளவு சாப்பிட்டால் ஊதிவிடுவேனே?’ இரவில் போகும் தீனி குறையக் குறைய, பகலில் சேர்த்தது பெரும்பாலும் ஈடாகிவிடும். முதல் ஒன்றிரண்டு வாரம் வயிறு உப்பியதுபோல் இருப்பது வழக்கம்தான்.

நம் வீடுகளில் இந்தப் படிக்குக் குறுக்கே நிற்பவை இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் வழக்கம். பத்து மணிக்குப் பிள்ளைகளின் தட்டில் மிச்சம் இருந்ததையும் பாத்திரத்தின் அடியையும் நின்றபடி வழித்துச் சாப்பிடும் பெண்ணுக்கு, எது சாப்பாடு எது தீனி என்ற எல்லையே அழிந்துபோகிறது. அவர் தட்டு வைத்து, உட்கார்ந்து, மற்றவர்களோடு சாப்பிடுவதுதான் அவருக்கான மருத்துவம். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கலாம், வீட்டு வேலைக்கு வருபவருக்கு நல்லபடியாக இருக்கும்போதே கொடுக்கலாம். உங்கள் வயிறு அதற்கான இடமல்ல.

இரண்டாவது, விரதம். ஏகாதசியோ சஷ்டியோ ரமலானோ தவக்காலமோ, நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விரதம் முடியும் வேளையில் கட்டு அவிழ்ந்துபோகிறதா என்று உங்கள் நோட்டே சொல்லும். அப்படியென்றால் குணமாகும்வரை விட்டுவிடுங்கள். எல்லா மதங்களிலும் நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு. நீங்கள் இப்போது அந்தக் கணக்கில் வருபவர்.

நான்காம் படி: அந்த இருபது நிமிடம்

நேரத்துக்குச் சாப்பிட்டாலும் சில இரவுகளில் வேகம் கிளம்பத்தான் செய்யும். அது அலையைப் போல எழுந்து, உச்சிக்குப் போய், தானே இறங்கும். அதற்கு முன்பே நாம் தின்னத் தொடங்கிவிடுவதால் அது இறங்கும் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

‘தின்னவே மாட்டேன்’ என்று சபதம் போடாதீர்கள். ‘இருபது நிமிடம் கழித்து முடிவு செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு சமையலறையை விட்டு நகருங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றைப் பகலிலேயே ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அந்த வேளையில் யோசிக்க மூளை ஒத்துழைக்காது. தொலைக்காட்சியும் ரீல்ஸும் உதவாது, அவற்றைப் பார்த்துக்கொண்டே கை டப்பாவுக்குப் போகும். கையும் உடம்பும் மாட்டிக்கொள்ளும் வேலை வேண்டும்: குளிப்பது, மொட்டை மாடியில் நடப்பது, துணி மடிப்பது, மருதாணி வைத்துக்கொள்வது, அக்காவுக்கு போன் போட்டு ஊர்க்கதை பேசுவது. மருதாணி யோசனையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரண்டு கையிலும் மருதாணியோடு முறுக்கு டப்பாவைத் திறந்து பாருங்கள்.

உணவு வரவழைக்கும் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கத்தைத் தட்ட வேண்டியிருப்பதே ஒரு தடை.

இருபது நிமிடம் கழித்தும் தின்றுவிட்டால்? நோட்டில் எழுதுங்கள். முன்பு உடனே விழுந்தீர்கள், இன்று இருபது நிமிடம் நின்றீர்கள்.

ஐந்தாம் படி: வீட்டாரிடம் என்ன சொல்வது

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. நம்பக்கூடிய ஒருவர் போதும். அவரிடமும் ‘என்னைக் காவல் காத்துக்கொள்’ என்று கேட்காதீர்கள். டப்பாக்களுக்குப் பூட்டுப் போட்டால் ஒளிந்து தின்பது இன்னும் தந்திரமாகும்.

கேட்க வேண்டியவை சிறிய, குறிப்பான உதவிகள். “அம்மா, தட்டில் வைப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேள்.” “எட்டரைக்கு எல்லோரும் சேர்ந்தே உட்காரலாம், நீங்களும் வந்துவிடுங்கள்.” “என் உடம்பைப் பற்றிப் பிள்ளைகள் முன்னால் பேச வேண்டாம்.” விசேஷ வீட்டில் வாசலிலேயே “என்னம்மா, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாயே” என்று வரவேற்கும் சித்திகளைத் திருத்தும் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. “ஆமாம் சித்தி, உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

ஆறாம் படி: ஒதுக்கிவைத்த பண்டங்கள்

நேரத்துக்குச் சாப்பிடுவது ஓரளவு பழகிய பிறகுதான் இது, அவசரப்பட வேண்டாம். ‘தொட்டால் தொலைந்தேன்’ என்று நீங்கள் நினைக்கும் பண்டங்களைப் பட்டியல் போடுங்கள். பலருடைய பட்டியலில் சோறே இருக்கும். மைசூர்பாகு, சிப்ஸ், பரோட்டா, சாக்லேட், நெய்விட்ட பொங்கல். எது குறைவாகப் பயமுறுத்துகிறது, எது அதிகமாக என்று வரிசைப்படுத்தி, பயம் குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வாருங்கள். மனம் அமைதியாக உள்ள ஒரு நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு, தட்டில் வைத்து, முடிந்தால் இன்னொருவரோடு. கால் கிலோ பெட்டியாக வாங்க வேண்டாம். கடையில் ஒரு துண்டு கேட்டாலும் கொடுப்பார்கள். மைசூர்பாகு ஒரு துண்டு தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் அடுத்த வேளை இட்லி சாப்பிட்டவருக்கு, அந்தப் பண்டத்தின் மேலிருந்த மயக்கத்தில் பாதி போய்விடும்.

சறுக்கிய மறுநாள்

சறுக்கல் வரும். தீபாவளி வாரத்தில், தேர்வு நேரத்தில், ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பிய இரவில். மறுநாள் காலை செய்ய வேண்டியது ஒன்றே: வழக்கமான நேரத்தில் வழக்கமான காலை உணவு. வயிறு மந்தமாக இருந்தால் இரண்டு இட்லியாவது. ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள், இரண்டு மணி நேரம் ஓடாதீர்கள், எடை மெஷினில் ஏறாதீர்கள். எடை பார்ப்பதாக இருந்தால் வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம். தினமும் ஏறினால் உப்பும் தண்ணீரும் காட்டும் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நீங்கள் தண்டனை அனுபவிப்பீர்கள்.

எடை குறையும் என்று நான் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. இந்த நோய்க்கான மனநல சிகிச்சைகள் எடையைப் பெரிதாக மாற்றுவதில்லை என்பதை நோயாளிகளிடம் முன்கூட்டியே விளக்க வேண்டும் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. தின்று தீர்க்கும் இரவுகள் குறைவதே இங்கே வெற்றியின் அளவுகோல்.

யாரிடம் போவது

இரண்டு மாதம் உண்மையாக முயன்றும் நட்சத்திரக் குறிகள் குறையவில்லை என்றால் உதவி தேடுங்கள். அதற்கு முன்பே தேடினாலும் தவறில்லை. அந்த நைஸ் வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பதே, இதுபோன்ற படிகளை ஒருவர் துணையோடு செய்வதைத்தான்: 16 வாரங்களில் நான்கு முதல் ஒன்பது சந்திப்புகள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அது போதாதவர்களுக்கு, உணவுச் சிக்கல்களுக்கென்று அமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை, குழுவாகவோ தனியாகவோ. மருந்து மட்டுமே சிகிச்சையாக இருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. அமெரிக்காவில் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்துக்கு 2015இல் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. அது பழக்கமாகிவிடக்கூடிய ஊக்க மருந்து, எடை குறைக்கும் மாத்திரை அல்ல. இணையத்தில் பார்த்து வாங்கும் பொருளே அல்ல.

இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். வெட்கத்தில் வாய் அடைத்துப்போனால் இந்த வரிகளை எழுதிக் காட்டினாலும் போதும்: “வாரத்தில் இத்தனை இரவு என்னால் நிறுத்த முடியாமல் அளவுமீறித் தின்கிறேன். இத்தனை மாதமாக. அதன்பின் வாந்தி எடுப்பதில்லை,” அல்லது “எடுக்கிறேன்.” எதிரில் இருப்பவர் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு “வாயைக் குறையுங்கள், நடங்கள்” என்று முடிக்கப் பார்த்தால், “டயட் இருந்து பார்த்துவிட்டேன் டாக்டர், அதனால் அதிகமாகிறது. மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அப்படியே ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனைகளையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். ஒரு சங்கதி மட்டும்: சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். பையில் இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த உடனே வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.